வாக்குத்தத்த அட்டை ‘சும்மாயிரு’ என்றது, வேலை கைவிட்டுப் போனது

ஒரு சகோதரியிடமிருந்து ஆறு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 29 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். தாத்தா காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கல். ஜெபிக்காமல் எதையும் செய்யக்கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்தார். கல்லூரிக் காலம் வரை அதில் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு அப்பாவுக்கு மாரடைப்பு. அன்று காலை ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடியதுதான் அதற்குக் காரணம் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. ஸ்டென்ட் வைத்து அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து இரவு ஜெபம் நீண்டுகொண்டே போகிறது. குடும்பத்தில் பதினான்கு பேர் பெயரையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். நடுவில் வேறு நினைப்பு வந்தாலோ, ‘ஆமென்’ சொல்லும்போது மனம் ஒட்டவில்லை என்று பட்டாலோ மறுபடி முதலிலிருந்து. படுக்க இரவு ஒரு மணி, ஒன்றரை மணி ஆகிறது.

கைப்பையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வாக்குத்தத்தப் பெட்டி; உள்ளே வேத வசனம் அச்சிட்ட சின்ன அட்டைகள். எந்தச் சுடிதார் போடுவது, லீவு கேட்பதா வேண்டாமா என்று எல்லாவற்றுக்கும் ஒரு அட்டை. ‘சரியாக வரவில்லை’ என்று தோன்றினால் இன்னொன்று. போன வருஷம் சென்னையில் ஒன்றரை மடங்கு சம்பளத்தில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பச் சொன்னார்கள். எடுத்த அட்டையில், ‘கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்’ என்று வந்தது. சும்மாயிருந்துவிட்டார். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

இப்போது ஒரு வரன். நாகர்கோவில் பக்கம், பள்ளி ஆசிரியர். ஒரு முறை பார்த்துப் பேசியிருக்கிறார்கள், பிடித்திருக்கிறது. ‘ஆனால் உள்ளத்தில் சமாதானம் இல்லை’ என்கிறார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் தீர்க்கதரிசனம் சொல்லும் ஒரு சகோதரர், ‘இது தேவ சித்தமல்ல, இரண்டு வருஷம் காத்திரு’ என்றிருக்கிறார். தடை உடைய 15,000 ரூபாய் விதைக் காணிக்கை (ஆசீர்வாதமாகத் திரும்பி வரும் என்று நம்பிக் கொடுக்கும் பணம்) வைக்கச் சொல்லி, இதெல்லாம் சபைக் குருவானவருக்குத் தெரியவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். பாதிப் பணம் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். தம்பி மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்கிறான். ஆசா ராஜா வைத்தியர்களைத் தேடித்தான் கெட்டான் என்று அம்மா தடுக்கிறார். தேவ சித்தத்தை எப்படித் தெரிந்துகொள்வது, எனக்கு விசுவாசம் குறைவா, டாக்டரிடம் போவது பாவமா என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், காணிக்கைக் கணக்குக்கும் வரன் விஷயத்துக்கும் நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சில நாள் தூங்கினபடியே எழுந்திருக்காமல் போனால் நல்லது என்று தோன்றும் என்று. எழுதிவிட்டு உடனே வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் போகமாட்டேன். அந்த நினைப்பு எப்போதாவது வந்து போகிறதா, அடிக்கடி வருகிறதா, ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற அளவுக்குப் போயிருக்கிறதா என்பதை இந்த வாரமே தம்பியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவு ஒரு மணிக்கு ஹாஸ்டல் அறையில் அது கனமாக வந்தால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவசச் சேவை. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அந்த நினைப்பு வந்ததற்காகக் கர்த்தர் கோபப்படுவார் என்று பயப்படாதீர்கள். சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்ட எலியாவைத் தேவதூதன் திட்டவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்காருகிறவள்தான். ஜெபத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் ஜெபத்துக்குள் வேறு ஒன்று புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதைத் தனியே பிரித்துக் காட்டப் பார்க்கிறேன்.

அந்த வசனத்துக்கு அடுத்த வசனம்

உங்கள் அட்டையில் வந்தது யாத்திராகமம் 14-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம். முன்னால் செங்கடல், பின்னால் பார்வோனின் இரதங்கள் என்று ஜனங்கள் அலறிக்கொண்டிருந்தபோது மோசே சொன்னது. அட்டை அங்கே முடிந்துவிடுகிறது, வேதம் முடியவில்லை. 15-ஆம் வசனத்தில் கர்த்தர் மோசேயைப் பார்த்து, ‘நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு’ என்கிறார். அந்த வெள்ளிக்கிழமை கையில் அட்டைக்குப் பதிலாக அதிகாரம் முழுவதும் இருந்திருந்தால் நீங்கள் இப்போது சென்னையில் இருந்திருக்கலாம். குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. போன வேலையை இனி என்ன செய்ய? ஆனால் ‘கர்த்தர் வேண்டாம் என்றார்’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கர்த்தர் அப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஓர் அட்டை வந்தது, அவ்வளவுதான்.

வசனத்தைச் சீட்டாக எடுப்பது உங்களோடு தொடங்கிய பழக்கம் அல்ல. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் இருந்த மொராவிய சபையார் 1728 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் வைத்துக்கொண்டார்கள். 1731-ஆம் ஆண்டுக்கு அதைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். சீட்டுப் போட்டு எடுத்த வசனங்கள். அந்த நாளை வேத வசனத்தோடு தொடங்குவதற்கு அது நல்ல வழி, இன்றைக்கும் நடக்கிறது. அதே சபையார் கல்யாணத்துக்கும் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரண சபை மக்களுக்கு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டார்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை இன்னும் சுவாரசியம். 1739 மார்ச்சில், பிரிஸ்டலுக்குப் பிரசங்கம் பண்ணப் போவதா வேண்டாமா என்று வேதத்தைத் திறந்து பார்த்தார். மலையில் ஏறி அங்கே மரிப்பாய் என்று மோசேக்குச் சொன்ன வசனம் வந்தது. இன்னொரு முறை, ஸ்தேவானை அடக்கம்பண்ணின வசனம். நண்பர்களெல்லாம் கலங்கிப்போனார்கள். கடைசியில் சீட்டுப் போட்டதில் ‘போ’ என்று வர, போனார். திறந்த வசனங்களை நம்பியிருந்தால் பிரிஸ்டலில் அவருக்குச் சாவு. நடந்ததோ வேறு. மெதடிஸ்ட் இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன திறந்தவெளிப் பிரசங்கத்தை அங்கேதான் ஆரம்பித்தார்; அதற்கப்புறம் 52 வருஷம் உயிரோடிருந்து, 1791-இல் தம் 87-ஆம் வயதில் இறந்தார்.

அப்போஸ்தலருடைய நடபடிகளில் மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்களே என்று கேட்பீர்கள். போட்டார்கள், முதல் அதிகாரத்தில். இரண்டாம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் வந்த பிறகு, சபை சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் எங்கேயும் இல்லை. 15-ஆம் அதிகாரத்தில் விருத்தசேதனம் பற்றிப் பெரிய பிரச்சினை வருகிறது. கூடி உட்கார்ந்தார்கள், மிகுந்த தர்க்கம் பண்ணினார்கள், பேதுரு பேசினார், பவுலும் பர்னபாவும் நடந்ததைச் சொன்னார்கள், யாக்கோபு முடித்துவைத்தார். பிறகு எழுதிய கடிதத்தில், ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது’ என்றார்கள். ‘எங்களுக்கும்’ என்று தங்களையும் சேர்த்து எழுதக் கூச்சப்படவில்லை பாருங்கள். அவர்கள் யோசித்ததும் வாதாடியதும் வழிநடத்துதலுக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷ வாக்குத்தத்தம் எடுக்கலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. சபையோடு சேர்ந்து, ஒன்றே ஒன்று எடுங்கள். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். கைப்பையில் இருக்கிற பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்.

சமாதானம் இல்லை என்றால் தேவ சித்தம் இல்லையா?

நம் சபைகளில் இந்த அளவுகோல் நன்றாகவே வேரூன்றிவிட்டது. ‘ஜெபிச்சுப் பார்த்தேன், சமாதானம் இல்ல, வேண்டாம்னுட்டேன்.’ பதற்ற சுபாவம் இல்லாதவர்களுக்கு இது ஓரளவு உதவலாம். உங்களுக்கு உதவாது. சுடிதார் எடுக்கவே சமாதானம் இல்லாத மனதுக்கு, கல்யாணம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். பதறுவது உடம்பு. நல்ல வரனுக்கும் பதறும், கெட்ட வரனுக்கும் பதறும். அதற்கு வித்தியாசம் தெரியாது.

கெத்செமனேயில் இயேசு எப்படி இருந்தார் என்று லூக்கா எழுதியிருக்கிறார்: ‘அவர் மிகவும் வியாகுலப்பட்டு, அதிக ஊக்கத்தோடே ஜெபம்பண்ணினார்.’ வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. பிதாவின் சித்தத்தின் நடு மையத்தில் நின்ற இரவு அது. உங்கள் அளவுகோலை அங்கே வைத்தால், அவர் எழுந்து கலிலேயாவுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

கடிதம் முழுவதும் இன்னொரு பயம் ஓடுகிறது: தேவ சித்தம் ஒற்றையடிப் பாதை, ஒரு அடி பிசகினால் வாழ்நாள் முழுக்கத் தண்டனை என்று. சத்தியம், நேர்மை, கர்த்தருக்குட்பட்டவரையே மணப்பது போன்றவற்றில் வேதம் தெளிவாகக் கட்டளை கொடுக்கிறது. சென்னையா திருப்பூரா, நீலமா பச்சையா என்பதில் பெரும்பாலும் உங்கள் கையில்தான் விட்டிருக்கிறது. நீங்கள் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருப்பது, தப்பே நடக்காது என்ற உத்தரவாதம். அதை ஆபிரகாமுக்கும் கொடுக்கவில்லை. போகும் இடம் இன்னதென்று அறியாமலே அவன் புறப்பட்டுப் போனான் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. உத்தரவாதம் கையில் கிடைத்த பிறகு நம்புவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது, சொல்லுங்கள்.

இரவு ஜெபத்தில் என்ன நடக்கிறது

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சூட்டுவது சரியல்ல. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, மனநல டாக்டர்களான நாங்கள் ஓ.சி.டி. என்று சொல்லும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையோடு அப்படியே பொருந்துகிறது. நூறு பேரில் ஒருவர் இருவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது. ஒருவருக்கு அழுக்கு, கிருமி என்று பிடித்துக்கொள்ளும். இன்னொருவருக்குப் பூட்டு, காஸ் சிலிண்டர். சிலருக்கு அவர்கள் மிகவும் நேசிக்கிற பக்தியிலேயே போய்ப் பிடித்துக்கொள்ளும். மந்திரம் ஓர் எழுத்துப் பிசகினதாகத் தோன்றி, ஸ்நானம் செய்து மறுபடி ஆரம்பிக்கும் மாமிகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளூவைச் சரியாகச் செய்தோமா என்ற சந்தேகத்தில், பள்ளிவாசல் குழாயடியை விட்டு நகர முடியாமல் ஜமாஅத் என்ற கூட்டுத் தொழுகையைத் தவறவிடும் அண்ணன்மாரும் வந்திருக்கிறார்கள். மதம் வேறு, உள்ளே ஓடுவது ஒன்றுதான்.

அது இப்படி ஓடுகிறது. ‘சரியாக ஜெபிக்கவில்லை, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும்’ என்று ஓர் எண்ணம், கேட்காமலே வருகிறது. பயம் ஏறுகிறது. பயத்தை இறக்க முதலிலிருந்து ஜெபிக்கிறீர்கள். ஐந்து நிமிஷம் நிம்மதி. பிறகு, ‘சின்னம்மா பெயரைச் சொன்னேனா?’ மறுபடி ஆரம்பம். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரி, ஒவ்வொரு தடவை திரும்ப ஜெபிக்கும்போதும் அந்தச் சந்தேகத்துக்கு நீங்களே பலம் கொடுக்கிறீர்கள். இரண்டாவது, மூன்றாவது அட்டை எடுப்பதும் இதே வேலைதான். இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, ‘அம்மா, நான் சரியாத்தானே ஜெபிச்சேன்?’ என்று கேட்பதும்.

சாதாரண பக்தியிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? நேரத்தை மட்டும் வைத்து அல்ல. இரண்டு மணி நேரம் சந்தோஷமாக ஜெபிக்கிற பாட்டிமார் நம் ஊரில் உண்டு. அவர்களுக்கு நோய் இல்லை. ஜெபம் முடிந்து எழும்போது உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஆறுதலா, களைப்பா? விரும்பிச் செய்கிறீர்களா, செய்யாவிட்டால் கேடு வரும் என்று செய்கிறீர்களா? ‘இப்பல்லாம் ஜெபம்னாலே பயமா இருக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும் எனக்கு.

உங்கள் விசுவாசம் குறைவு என்பதற்கு இதில் அடையாளம் ஒன்றும் இல்லை. மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த காலத்தில், ஏதாவது பாவம் விட்டுப்போயிருக்குமோ என்று மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, அதைக் கேட்ட ஸ்டாபிட்ஸ் என்ற மூத்த குருவானவரே சலித்துப்போகும்படி ஆக்கினார். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லியும் திருப்தி வராமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் போனார். இரண்டு பேரும் அதோடு முடிந்துபோகவில்லை.

அப்பாவின் மாரடைப்புக்கு வருவோம். அது உங்கள் காலை ஜெபத்தால் வந்ததல்ல. இருதய இரத்தக் குழாயில் கொழுப்பு படிவது பல வருஷத்து வேலை. அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, பீடியும் உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அரைகுறையாக ஜெபித்ததற்காக உங்கள் அப்பாவை அடிக்கிறவர் கர்த்தர் என்று நம்பிக்கொண்டு, அவரிடமே வழியும் கேட்கிறீர்கள். எப்படி நிம்மதி வரும்?

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே சிலவற்றைத் தொடங்கலாம். இரவு ஜெபம் ஒரே ஒரு முறை. நடுவில் கணக்கு லெட்ஜர் நினைப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், மேலே போய்க்கொண்டிருங்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான். சில நாள் வேண்டுமென்றே வரிசையை மாற்றிச் சொல்லுங்கள். ‘ஆமென்’ சொன்னதும் விளக்கை அணைத்துவிடுங்கள். முதல் சில இரவு பயம் தலைக்கேறும். எதையும் செய்யாமல் கிடந்தால் தானாக இறங்கும், நாளாக ஆக ஏறுவதும் குறையும். அந்த நேரத்தில் வேண்டுமானால் ரோமர் 8:26-ஐ நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை மட்டும். ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாது என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறார். பதினான்கு பெயரும் அவருக்குத் தெரியும்.

அம்மாவுக்கும் ஒரு வேலை உண்டு. நீங்கள் போனில் கேட்டால், ‘சரியாத்தான் ஜெபிச்சே’ என்று இனி சொல்லக்கூடாது. ‘டாக்டரம்மா பதில் சொல்லவேண்டாம்னாங்க, படு’ என்று சொன்னால் போதும். கல்நெஞ்சமாகத் தெரியும். இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போவது பற்றி

அம்மா சொன்ன ஆசா ராஜாவின் கதை 2 நாளாகமம் 16-இல் இருக்கிறது. கர்த்தரை விட்டுவிட்டு வைத்தியர்களை மட்டும் தேடினான் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. எசேக்கியா ராஜாவுக்கு, பிழைப்பாய் என்று கர்த்தரே சொல்லியனுப்பின பிறகும், பிளவையின் மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. பவுல் தம்மோடு இருந்த லூக்காவை ‘பிரியமான வைத்தியன்’ என்று எழுதுகிறார். இதையெல்லாம் விடுங்கள். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்ததும், அம்மா கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்துச் சாட்சி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருதயத்துக்கு டாக்டர் ஆகும், மூளைக்கு ஆகாது என்பது எந்த வசனம் என்று அம்மாவிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பயம் வரும்போது சடங்கைச் செய்யாமல் தாங்கிப் பழகும் பயிற்சியை உளவியல் நிபுணர் கூட இருந்து, படிப்படியாகக் கொடுப்பார். செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மாத்திரைகள் தேவைப்படலாம். அவை தூக்க மாத்திரை அல்ல, அடிமையாக்கவும் செய்யாது. பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் வாரங்களில் குமட்டலோ லேசான படபடப்போ வரலாம். ‘ஒன்னும் கேக்கல’ என்று பத்தாம் நாள் நிறுத்திவிடாதீர்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு: திருப்பூரில், கோவையில், ஊர்ப்பக்கம் என்றால் தூத்துக்குடியில், திருநெல்வேலியில். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைப்பது அவர்கள் கடமை. கம்பெனிக்கோ மாப்பிள்ளை வீட்டுக்கோ எடுத்துச் சொல்ல முடியாது.

தீர்க்கதரிசனம் சொல்லும் சகோதரர்

சுருக்கமாகவே சொல்கிறேன். தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று எழுதின பவுல், அடுத்த வசனத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். 1 இராஜாக்கள் 13-இல், கர்த்தருடைய வார்த்தை என்று ஒரு கிழவனான தீர்க்கதரிசி சொன்ன பொய்யை நம்பிப் போனவன் சிங்கத்தின் வாயில் செத்தான். ‘இரண்டு வருஷம் காத்திரு’ என்பதைக்கூட ஒருவருடைய அபிப்பிராயம் என்று கேட்டுவிட்டு வரலாம். பணமும் இரகசியமும் சேர்ந்து வந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. கர்த்தரிடமிருந்து வந்த வார்த்தையானால் குருவானவர் காதில் விழுவதில் என்ன கஷ்டம்? மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ நிச்சயமாக வேண்டாம். கொடுத்தது போகட்டும், திரும்பக் கேட்கப் போய்ச் சாபம், கீபம் என்று பயமுறுத்தினால், இப்போதைய மனநிலையில் நீங்கள் தாங்கமாட்டீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் குருவானவரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள்.

வரன்

‘சரி’ என்று சொல்லவா, ‘வேண்டாம்’ என்று சொல்லவா என்று என்னையும் கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் சொன்னால், உங்கள் பெட்டியில் இன்னொரு அட்டையாக ஆகிவிடுவேன். எப்படி யோசிக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆதியாகமம் 24-ஐ நீங்களும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆபிரகாமின் ஊழியக்காரன் அடையாளம் கேட்டான் என்று. அவன் கேட்ட அடையாளத்தைப் பாருங்கள். ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வார்ப்பேன் என்று தானாகச் சொல்கிற பெண். வழிப்பயணம் வந்த பத்து ஒட்டகம் எவ்வளவு குடிக்கும்! குடம் குடமாக இறைத்து ஊற்ற வேண்டும். உழைப்பும் நல்ல மனதும் இருக்கிறதா என்று பார்க்கிற பரீட்சை அது, சோழி உருட்டுகிற வேலை இல்லை. அதற்கப்புறமும் வீட்டார் பெண்ணைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடே போகிறாயா என்று கேட்டார்கள். ரெபெக்காள் ‘போகிறேன்’ என்றாள். பவுலும் மறுமணம் செய்கிற விதவையைப் பற்றிச் சொல்லும்போது, தனக்கு இஷ்டமானவனாயும் கர்த்தருக்குட்பட்டவனாயும் இருக்கிறவனை மணக்கலாம் என்கிறார். உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதும் கணக்கில் சேர்த்தி.

ஆகையால் விசாரியுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்னும் ஒரு மாதம் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பதே, தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லட்டும் என்றுதானே? அதை நிச்சயத்துக்கு முன்பே நீங்கள் ஆரம்பியுங்கள். அவர் வேலை பார்க்கும் பள்ளியில், அவருடைய சபையில் அப்பா விசாரிக்கட்டும். குடி, கடன், கோபம், கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் வேலைக்குப் போவது, வரதட்சிணைப் பேச்சு எல்லாவற்றையும். நீங்களும் அவரும் இன்னும் இரண்டு மூன்று முறை பேசுங்கள். அதில் கெட்டது ஏதாவது தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதற்குத் தீர்க்கதரிசனம் தேவையில்லை. ஒன்றும் தெரியாமல் வெறும் படபடப்பு மட்டும் மிஞ்சினால், அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முறை ஜெபித்து, ஒரு நாள் குறித்து, அன்றைக்குப் பதில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அட்டை கிடையாது.

சிகிச்சை முழுவதும் முடிந்த பிறகுதான் கல்யாணம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. இந்த நோயோடு நல்ல குடும்பம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் நிச்சயத்துக்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள், இப்படி ஒரு தொந்தரவு இருக்கிறது, டாக்டரைப் பார்க்கிறேன் என்று. ‘சொல்லாதே, கல்யாணம் நின்னுடும்’ என்று உறவில் யாராவது சொல்வார்கள். மறைத்துக் கட்டிக்கொண்டு, பிறகு அவர் கண்ணில் படாமல் இரவு ஒரு மணிக்கு ஜெபித்துக்கொண்டிருப்பது உங்களால் முடியாது. மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுவதையும் நான் நிறையப் பார்க்கிறேன். அவர் கேட்டுவிட்டு என்ன சொல்கிறார் என்பது, விசாரணையில் கிடைக்காத ஒரு தகவல். அதையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.